பட்டிக்காவல்: புளியங்கொட்டையை வைத்து ஒரு பாடம்

மாடு வளர்க்கிறவர்களுக்குப் பட்டி என்றால் என்ன என்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. ஒரு மாட்டின் வாயில் நுரை கண்டால், அடுத்ததாக நாம் பார்ப்பது பக்கத்தில் நின்ற மாட்டைத்தான். புதிதாக வாங்கிவந்த மாட்டை நேரே பட்டிக்குள் விடாமல் சில நாள் புறம்பாகக் கட்டி வைக்கிறோம். ஒரு மாட்டுக்கு வந்த நோய் பட்டி முழுவதற்கும் உரிய விஷயம் என்பதை அனுபவத்திலே அறிந்து வைத்திருக்கிறோம். அப்படியிருந்தும், பிள்ளைகளின் தடுப்பூசி என்று வந்ததும் "என்ரை பிள்ளை, என்ரை விருப்பம்" என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக யோசிக்கத் தொடங்கிவிடுகிறோம்.

மருத்துவ நூல்களில் 'மந்தை நிர்ப்பீடனம்' என்றொரு சொல் வரும். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் அந்தச் சொல் பிறந்தது மாட்டுப்பட்டியில்தான். 1910களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே மாடுகளுக்குக் கன்று சிதையும் தொற்றுநோய் பரவியபோது, கன்று சிதைந்த பசுக்களைப் பண்ணைக்காரர்கள் விற்றுத் தள்ளிவிட்டுப் புதுப் பசுக்களை வாங்கிவந்தார்கள். ஜோர்ஜ் பொற்றர் என்ற மிருக வைத்தியர் இது பிழையான வழி என்று எழுதினார். நோய் வந்து தேறிய பசுவை வைத்திருங்கள், அதன் கன்றுகளை வளருங்கள், வெளிமாட்டைக் கொண்டுவராதீர்கள் என்றார். புதிய விறகு போடாத நெருப்பு தானே அவிந்துபோவதைப் போல நோயும் அடங்கும் என்பது அவர் காட்டிய உவமை. பின்னர் மனிதரின் தொற்றுநோய்களைப் பற்றிப் படித்தவர்கள் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். நாம் நமக்கு வசதியாக இதைப் 'பட்டிக்காவல்' என்று சொல்லிக்கொள்ளலாம்.

சுகாதாரப் பேச்சுகளில் இதை விளங்கப்படுத்த முயல்பவர்கள் பெரும்பாலும் வீதக் கணக்கோடு தொடங்குகிறார்கள். "95 வீதமானோருக்கு ஊசி ஏற்றப்பட வேண்டும்" என்று சொன்னதும் முன்வரிசையில் இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். பின்வரிசையில் பிள்ளையோடு நிற்கும் தாய்க்கு அந்த 95 எங்கேயிருந்து வந்தது என்று தெரியாது. சுவரொட்டிகளும் அதிகம் உதவுவதில்லை. ஊசியின் படமும் அழுகிற பிள்ளையின் படமும் போட்டால் ஊசியைப் பற்றிய பயம்தான் மனதில் நிற்கும். கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, தானே வைத்துப் பார்க்கக்கூடிய ஒன்று வேண்டும்.

முதலில் ஒரு முகாமை நினைத்துக்கொள்ளுங்கள். கிடுகுக் கொட்டில்கள் வரிசையாக, ஒன்றோடொன்று முட்டி நிற்கின்றன. ஒரு கொட்டிலின் அடுப்பிலிருந்து பொறி பறந்தால் மற்றவற்றின் நிலை என்ன என்பது அப்படி வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். ஓலைக் கூரைகளுக்கு இடையிடையே ஓட்டு வீடுகள் இருந்தால் நெருப்பு அங்கங்கே மறிபடும். போதிய அளவு ஓட்டு வீடுகள் இருந்தால், நடுவில் அகப்பட்ட ஓர் ஓலைக் கொட்டிலும் தப்பிக்கொள்ளும். ஓட்டு வீடு என்பது ஊசி ஏற்றிய பிள்ளை. ஓலைக் கொட்டில் ஊசி ஏற்றாத பிள்ளை. இந்த அளவு விளங்கினால் நிலத்தில் உட்காரலாம்.

கட்டம் கீறுதல்

வேண்டியவை: நூறு புளியங்கொட்டை, நூறு வெள்ளைக் கூழாங்கல், ஒரு கைப்பிடி மஞ்சாடி விதை, கொஞ்சம் பயறு, ஒரு துண்டுக் கரி. சிவப்பாக இருக்கிறதே என்று குன்றிமணியை எடுக்கவேண்டாம். அது நஞ்சு, சுற்றிச் சின்னப் பிள்ளைகள் இருப்பார்கள். நிலத்திலே பத்துக்குப் பத்தாக நூறு கட்டம் கீறுங்கள். புளியங்கொட்டை ஊசி ஏற்றாத பிள்ளை, கல் ஊசி ஏற்றிய பிள்ளை, மஞ்சாடி நோய் கண்ட பிள்ளை.

முதல் ஆட்டத்தில் நூறு கட்டத்திலும் புளியங்கொட்டை. நடுவில் ஒன்றை எடுத்துவிட்டு மஞ்சாடியை வையுங்கள். நோய் கண்ட பிள்ளை முன், பின், இடம், வலம் ஆகிய நான்கு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் நோயைக் கொடுக்கும் என்பது சட்டம். முதற் சுற்றில் புதிதாக 4, அடுத்ததில் 8, பிறகு 12, பிறகு 16. நான்கு சுற்றில் 41 கட்டம் சிவந்துவிடும். பத்தாவது சுற்றில் ஒன்றும் மிஞ்சாது. இதை நீங்கள் வைத்துக் காட்டாதீர்கள். கூடியிருப்பவர்களின் கையிலே விதையைக் கொடுத்து அவர்களையே வைக்கச் சொல்லுங்கள். மூன்றாம் சுற்றுக்குள் பேச்சு நின்று, கை வேகமாக ஓடத் தொடங்கும்.

இரண்டாவது ஆட்டத்தில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கல்லை வையுங்கள், சதுரங்கப் பலகை போல. கொட்டை 50, கல் 50. ஒரு கொட்டையை மஞ்சாடியாக மாற்றினால், அதற்கு நான்கு பக்கமும் கல். நோய் ஓரடிகூட எடுத்து வைக்க முடியாது. பாதிப் பேருக்கு ஊசி போட்டாலே போதும் போலிருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கேள்விதான் சின்னமுத்துக்கு வழிகாட்டுகிறது.

சின்னமுத்துக் கிருமி பக்கத்தில் இருப்பவரோடு நிற்பதில்லை. நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் இரண்டு மணித்தியாலம் வரை அது தங்கியிருக்கும். எவருக்கும் எதிர்ப்பு இல்லாத ஊரிலே ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை தொற்றிக்கொள்வார்கள் என்பது நோயியலாளரின் கணக்கு. ஆகவே சட்டத்தை மாற்றுங்கள். இப்போது மஞ்சாடிக்கு எந்தப் பக்கமும், மூலைவாட்டாகவும், இரண்டு கட்டம் எட்டும். அதாவது சுற்றியுள்ள 24 கட்டம். (18க்குக் கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஓரத்துக் கட்டங்களிலிருந்து எட்டுவது குறைவு. இந்த விளையாட்டுக்கு இது போதும்.) அதே சதுரங்கப் பலகை அடுக்கில் நடுவிலே மஞ்சாடியை வைத்தால் முதற் பாய்ச்சலிலேயே 12 கொட்டை சிவக்கும். சற்று முன் ஓரடி வைக்க முடியாமல் நின்ற நோய், அதே ஐம்பது கல்லுக்குள்ளால் இப்போது ஓடித் திரிகிறது.

இனி 95 எங்கிருந்து வந்தது என்று சொல்லலாம். ஒருவர் 18 பேருக்குக் கொடுக்கக்கூடிய நோய் அடங்கவேண்டுமானால், அந்த 18 பேரில் 17 பேராவது கல்லாக இருக்கவேண்டும். அப்போதுதான் ஒன்று ஒன்றையே உண்டாக்கும், பெருகாது. பதினெட்டில் பதினேழு என்பது நூற்றுக்கு 94க்குச் சற்று மேல். அதற்கும் ஒரு துளி மேலே போனால்தான் நோய் தேயும்.

"ஊசி போட்ட பிள்ளைக்கும் வந்ததே?"

இந்தக் கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும், வரவும் வேண்டும். "ஏன் பிள்ளை, எங்கட பேரனுக்கு ஒன்பதாம் மாதம் ஊசி போட்டதுதானே, பிறகேன் வந்தது?" என்று ஒரு ஐயா கேட்டால், குடும்பநல உத்தியோகத்தர் சங்கடப்படத் தேவையில்லை. கரித்துண்டை எடுக்கவேண்டியதுதான்.

நூறு கல்லில் பதினைந்தின் அடிப்பக்கத்தில் கரியால் புள்ளி போடுங்கள். புள்ளி தெரியாதபடி கவிழ்த்து, கலந்து, நூறு கட்டத்திலும் வையுங்கள். ஒன்பது மாதத்தில் ஏற்றும் ஒரே ஊசி நூற்றுக்குச் சுமார் 85 பிள்ளைகளிலேயே பலிக்கிறது. மிச்சம் 15 பேருக்கு ஊசி ஏறியும் பாதுகாப்பு ஏறவில்லை. எந்தப் பிள்ளை என்று பார்வைக்குத் தெரியாது. மஞ்சாடியை நடுவில் வைத்து, எட்டுகிற 24 கல்லையும் புரட்டிப் பாருங்கள். மூன்று நான்கில் புள்ளி இருக்கும். அந்த மூன்று நான்கும் சிவந்து, அவற்றிலிருந்து மேலும் பரவும். ஊரில் ஒரு பிள்ளை தவறாமல் ஊசி போட்ட பிறகும் நோய் நடமாடுவது இப்படித்தான்.

நம் நாட்டில் இது கண்ணுக்கு முன்னால் நடந்தது. சின்னமுத்து ஊசி 1984ஆம் ஆண்டில் தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. ஒரே ஊசி. நோய் மளமளவென்று குறைந்தது. ஆனால் ஆண்டுதோறும் புள்ளியுள்ள கற்களும் ஊசி கிடைக்காத கொட்டைகளும் சேர்ந்துகொண்டே வந்து, 1999-2000 காலத்தில் நாடு முழுவதும் பெரும் பரவல் ஏற்பட்டது. அதன் பின் 2001இல் மூன்று வயதில் இரண்டாவது ஊசி கொண்டுவரப்பட்டது. இரண்டு ஊசியும் பெற்றவர்களில் நூற்றுக்கு 97 பேர் அளவில் பாதுகாப்புப் பெறுகிறார்கள். புள்ளிகளை மூன்றாகக் குறைத்து அதே ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். 24 கல்லைப் புரட்டினால் ஒரு புள்ளியும் அகப்படாமல் போகலாம், அகப்பட்டாலும் பெரும்பாலும் ஒன்றுதான். "மூண்டு வயசில திருப்பி ஏன் குத்துறியள்?" என்ற கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதில் எனக்குத் தெரியாது.

2019இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிக்கப்பட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் சான்று வழங்கியது. 2023இல் அது மீண்டும் தலைகாட்டியது. பாதிக்கப்பட்டவர்களில் ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகள் பலர். இங்கேதான் பயறு தேவைப்படுகிறது. கட்டத்தில் மூன்று நான்கு இடத்தில் கல்லை எடுத்துவிட்டுப் பயறு வையுங்கள். இவை ஊசி போடும் வயது வராத கைக்குழந்தைகள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு தேய்ந்துவிட்டது, தன்னுடையது இன்னும் வரவில்லை. அவர்களுக்கென்று தனியாக எந்தக் காவலும் இல்லை. சுற்றி நிற்கும் கற்கள்தான் வேலி. 2024 ஜனவரியில் நோய் கூடியிருந்த ஒன்பது மாவட்டங்களில் ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரையான குழந்தைகளுக்கும் மேலதிக ஊசி ஏற்றப்பட்டது.

ஒரே தொகை, வேறு இடம்

நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமான ஆட்டம் இதுதான். இதை அவசரப்படாமல் ஆடவேண்டும்.

95 கல்லும் 5 கொட்டையும் எடுங்கள். முதலில் கொட்டைகளை நான்கு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். ஒன்றைச் சிவப்பாக்குங்கள். இரண்டு கட்டத்துக்குள் வேறு கொட்டை இல்லை. நோய் அந்தப் பிள்ளையோடு முடிந்தது. இப்போது அதே ஐந்து கொட்டையையும் ஒரே மூலைக்குத் தள்ளுங்கள். ஒன்றைச் சிவப்பாக்கினால் ஒரே பாய்ச்சலில் ஐந்தும் சிவக்கும். கல் 95, கொட்டை 5, தொகையில் ஒரு மாற்றமும் இல்லை. மாவட்ட அறிக்கையில் இரண்டு ஊரும் ஒரே 95 வீதமாகத்தான் பதிவாகும்.

இடம்பெயர்வு செய்வது இந்த மூலைக்குத் தள்ளுகிற வேலையைத்தான். ஒரே கிராமத்துப் பிள்ளைகள், ஒரே மாதங்களில், கிளினிக் நடக்காத காரணத்தால் ஊசியைத் தவறவிடுகிறார்கள். பிறகு அவர்கள் எல்லோரும் ஒரே பாடசாலைக் கட்டடத்தில், ஒரே கூரைக்குக் கீழ் படுக்கிறார்கள். இதில் எந்தத் தாயின் கவலையீனமும் இல்லை. மருத்துவமாது வரமுடியாத ஊரிலே மாதாந்தக் கிளினிக் எப்படி நடக்கும்? மாவட்டத்தில் 95 இருக்கும், முகாமில் 50 இருக்கலாம். அத்துடன் போதிய சாப்பாடும் உயிர்ச்சத்து ஏயும் இல்லாத பிள்ளைக்குச் சின்னமுத்து வந்தால் நியூமோனியாவும் வயிற்றோட்டமும் கண்பார்வைக் கேடும் சேர்ந்து வரும். அனர்த்த கால உதவிகளுக்கான சர்வதேச ஒழுங்குகள் முகாம்களில் ஆறு மாதம் முதல் 15 வயது வரையான எல்லாப் பிள்ளைகளுக்கும் சின்னமுத்து ஊசியை முதல் வேலைகளில் ஒன்றாக வைத்திருப்பது இதனால்தான். ஆறாம் மாதத்தில் போட்ட பிள்ளைக்கு ஒன்பதாம் மாதத்தில் மறுபடியும் போடவேண்டும்.

கிளினிக் அட்டை தொலைந்துவிட்டது என்று சிலர் வரக் கூசுகிறார்கள். அட்டை ஓடும்போது விழுந்திருக்கும், வெள்ளத்தில் போயிருக்கும். போட்டதா இல்லையா என்று தெரியாவிட்டால் போடுவதுதான் முறை. முன்பே எதிர்ப்பு உள்ள பிள்ளைக்கு இன்னொரு சின்னமுத்து ஊசி கெடுதல் செய்யாது.

கட்டத்தின் நடுவே ஒரு தடியைக் குறுக்காக வைத்தும் பார்க்கலாம். தடி எல்லைக்கோடு. மஞ்சாடி அதைக் கவனிப்பதில்லை. 1995ஆம் ஆண்டிலிருந்து இலங்கையில் போலியோ சொட்டுமருந்து தினங்கள் நடந்தபோது, யுத்தம் நடந்த பகுதிகளிலும் அந்த நாட்களில் சண்டையை நிறுத்திவைத்து இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் மருந்து கொடுக்கப்பட்டது. ஒரு பக்கம் மட்டும் கொடுத்து மறுபக்கத்தை விட்டால் எந்தப் பக்கமும் காப்பாற்றப்படாது என்பதை இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட அபூர்வமான விஷயம் இது. நாட்டில் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி பதிவானது 1993இல்.

மாட்டுக்கு நடந்தது

சின்னமுத்துக் கிருமிக்கு நெருங்கிய உறவுக்காரக் கிருமி ஒன்று மாடுகளிடம் இருந்தது. றிண்டர்பெஸ்ற் என்று மிருக வைத்தியர்கள் சொல்லும் மாட்டுக் கொள்ளைநோய். பல பத்தாண்டுகளாக இந்தத் தீவில் இல்லாதிருந்த நோய், 1987இல் இந்திய அமைதிப்படையின் உணவுக்கெனக் கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்து சேர்ந்தது. அதனைக் காணாத மாடுகளும் எருமைகளும்தான் இங்கே இருந்தன. அதாவது கட்டம் முழுவதும் புளியங்கொட்டை. பட்டி பட்டியாகச் சரிந்தன. அந்தக் காலத்தில் வடக்கு கிழக்கில் எருமை வைத்திருந்த பெரியவர்கள் இன்னும் சிலர் இருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். 1994க்குப் பின் இங்கே அந்த நோய் காணப்படவில்லை. 2011இல் உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதருக்குப் பெரியம்மை, கால்நடைக்கு இது: ஊசியால் முற்றாக ஒழிக்கப்பட்டவை இந்த இரண்டே. ஒரு மாட்டுக்கும் விடாமல் ஊசி போட்டு இதைச் செய்யவில்லை. நோய் ஒளிந்திருந்த மூலைகளைத் தேடிப் போய்ப் போட்டார்கள்.

ஆட்டத்தைப் பார்த்த பிறகு கெட்டிக்காரர் ஒருவர், "அப்ப சுத்தி எல்லாரும் கல்லாய் இருந்தால் என்ரை பிள்ளைக்குப் போடாமல் விடலாம்தானே?" என்பார். கேள்வி நியாயமானது. ஆளைக் குறை சொல்லாமல், சுற்றியிருக்கும் ஒவ்வொருவரையும் ஒரு கல்லை எடுத்துவிட்டுக் கொட்டை வைக்கச் சொல்லுங்கள். இருபது பேர் இருந்தால் இருபது கல் போய்விடும். பிறகு மஞ்சாடியை வையுங்கள். வயல்வெளிக்கு அவரவர் பங்குக்கு வேலி அடைப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒருவர் தன் பங்கை அடைக்காமல் விட்டால் மாடு அவருடைய வயலை மட்டும் பார்த்து மேயப்போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. மஞ்சாடியை வைக்கும்போது "இது இன்னாரின் வீடு" என்று பகிடிக்கும் சொல்லக்கூடாது. முகாமில் ஒரு குடும்பத்தின் மேல் பெயர் விழுந்தால், அடுத்த முறை அவர்கள் நோயை மறைப்பார்கள்.

எல்லா நோய்க்கும் இந்தக் கட்டம் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். கொரோனா பரவிய 2020இல் உலகெங்கும் இத்தகைய படங்கள் வந்தன. அமெரிக்காவின் ஒகையோ மாநிலச் சுகாதாரத் திணைக்களம் எலிப்பொறிகளின் மேல் பந்துகளை அடுக்கி, ஒரு பந்தை விட்டெறிந்து காட்டியது. பொறிகள் நெருங்கி இருந்தபோது எல்லாம் வெடித்துச் சிதறின, தள்ளித் தள்ளி வைத்தபோது ஒன்றும் நடக்கவில்லை. அருமையான படம். ஆனால் அந்த நோய்க்கு எதிர்ப்புச் சக்தி காலத்தோடு தேய்கிறது, கிருமியும் உருமாறுகிறது. அங்கே கல் கல்லாகவே இருப்பதில்லை.

நம் தொழிலுக்கு அதைவிட முக்கியமானது ஏற்புவலி. மண்வெட்டி காலில் பட்டோ, துருப்பிடித்த கம்பி குத்தியோ ஏற்புவலி வருமானால், அது இன்னொரு மனிதரிடமிருந்து வருவதில்லை. கிருமி மண்ணிலும் சாணத்திலும் கிடக்கிறது. ஊர் முழுவதும் ஊசி போட்டிருந்தாலும் போடாத ஒருவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஏற்புவலிக்குப் பட்டிக்காவல் கிடையாது, அவரவர் ஊசி அவரவருக்கு. காயம் பட்டால் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்க் கடைசியாக ஏற்பூசி எப்போது போட்டது என்று சொல்லுங்கள்.

விசர்நாய்க்கடி இதற்கு மறுபுறம். அங்கே காவல் வேண்டியது நாய்ப்பட்டிக்கு. நாய்கள் பத்தில் ஏழுக்கு ஊசி போட்டு அந்த அளவைக் குறையாமல் வைத்திருந்தால், நாய்களுக்குள் நோய் தொடர்ந்து பரவாது என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. மீள்குடியேறிய கிராமங்களில் விட்டுப்போன நாய்களும் அவற்றின் குட்டிகளும் கணக்கில்லாமல் திரிகின்றன. குட்டிகள் ஆண்டுதோறும் புதுக் கொட்டைகளாக வந்து சேர்வதால் இந்த ஊசியை ஒவ்வோர் ஆண்டும் போடவேண்டியிருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊசி போட வருகிற நாளில் வளர்ப்பு நாயைக் கட்டிக் கொண்டுபோவதோடு, யாருக்கும் சொந்தமில்லாத நாய்கள் எந்தச் சந்தியில் படுத்திருக்கின்றன என்பதையும் அவருக்குக் காட்டிவிடுங்கள். நாய்க்குக் கட்டம் கீறும்போது பத்துக் கட்டமே போதும், ஏழு கல், மூன்று கொட்டை.